ஆவி கிளம்பிய இன்ஜின்: பிரிப்பதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீடு வண்டிப்பெரியாறில். பதினோரு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார், மூன்று சிலிண்டர், கேரள ரிஜிஸ்ட்ரேஷன். போன வாரம் கம்பத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு ஐந்து பேராக மலை ஏறினோம். இரைச்சல் பாலம் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி. சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது, திடீரென்று இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்து என் கணவர் குமுளி வரை ஓட்டினார், அங்கே நின்றுவிட்டது. மேலே உள்ள மெக்கானிக், "இன்ஜின் போயி, பழைய இன்ஜின் ஒன்று வைக்கலாம், 40,000" என்கிறார். கம்பத்தில் ஒருவர் போனிலேயே "ஹெட் வேலைதான், 12,000" என்கிறார். வண்டியை விற்றாலும் ஒரு லட்சம் வராது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, இரண்டு பேருமே ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் விலை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

முள் இறங்கியதும் நிம்மதி வந்தது இல்லையா, அங்கேதான் ஏமாந்துவிட்டீர்கள். வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது காற்றிலும் ஆவியிலும் நிற்கும், வாய்க்கு வந்ததைக் காட்டும். ஆக, குமுளி வரை இன்ஜின் தண்ணீரே இல்லாமல் ஏறியிருக்கிறது. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் இன்ஜினே போய்விட்டது என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

முதலில், இனி சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். பிஸ்டன் மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிஸ்டனைத் தள்ளும் தண்டு, அதாவது கனெக்டிங் ராட், வளைந்துவிடும். மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சுற்றவே இல்லை என்றால் பிஸ்டன் கவ்விவிட்டது. மேலே உள்ளவர் சொன்னது பெரும்பாலும் சரி. லேசாகச் சுற்றினால் நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது, பேரிங்கையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மட்டும் விழுந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) எரிந்திருக்கும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரின் உள்சுவரான போரோ தேய்ந்த கேஸ். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இவ்வளவுக்கும் அரை நாள் கூலிதான் ஆகும்.

ஹெட்டைக் கழற்றியதும் அதன் மேல் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து வளைவைப் பார்ப்பார்கள். ஹெட் அலுமினியம், அது இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் விரிய இடமில்லாமல் ஹெட் வளையும். பல சின்ன கார்களில் வளைவு 0.05 மில்லிமீட்டர் தாண்டினாலே லேத்தில் ஃபேஸிங் செய்து மட்டமாக்க வேண்டும். அங்கேயே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

போர் கீறியிருந்தால் மட்டும் பழைய இன்ஜின் பற்றி யோசியுங்கள். அதுவும் எந்த மலையில் வெந்து வந்ததோ! ஓட வைத்துக் காட்டினால் பாருங்கள், இல்லையென்றால் வேண்டாம். உங்கள் ஆர்சியில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. வேறு இன்ஜின் வைத்தால் அங்குள்ள ஆர்டிஓ அனுமதி வாங்கி நம்பரை மாற்ற வேண்டும், பில் இல்லாமல் அது நடக்காது.

பட்டறை வைத்த புதிதில் நானும் ஒரு தப்பு செய்தேன். கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றுக்குப் பழைய இன்ஜின் வைத்துக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அதே ஏற்றத்தில் அதே மாதிரி ஆவி. ரேடியேட்டரைத் திறந்தால் பாதிக் குழாய்களில் துருச் சேறு. வருடக்கணக்காக ஓடைத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். முதல் தடவையே திறந்து பார்த்திருக்க வேண்டும். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த டிரைவர் இரண்டு வருடம் என் பட்டறைப் பக்கம் திரும்பவே இல்லை.

அதனால் இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணீர் எங்கே போச்சு?" ஹோஸா, ரேடியேட்டர் மூடியா, வாட்டர் பம்பா, தெர்மோஸ்டாட்டா, ஃபேனா? இதைத் தேடிக் கண்டுபிடிப்பவரிடம் வண்டியை விடுங்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

கம்பத்துக்குக் கொண்டுவருவதானால் கயிறு கட்டி இறக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உதவாது, மிதித்தால் கல்லாக இருக்கும். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

கேள்வி: ஏற்றத்தில் முள் ஏறினால் ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே, கிண்டலா?
- ஒரு வாசகர், போடி

பதில்: கிண்டல் இல்லை. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனையும் முழு வேகத்தில் விடுங்கள். ஒதுங்க இடம் கிடைக்கும் வரை தாங்கும். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க வேண்டாம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும், அரை மணிக்கு மேலேயே ஆகும்.