வெறும் வயித்துக்கு எத்தனை வைத்தியம்!

கேள்வி: ஐயா, ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா நெஞ்செரியுது, புளிச்ச தண்ணி தொண்ட வரைக்கும் வருது. காலைல வெறும் வயித்துல இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி குடிச்சா சரியாகுமா?
– கொழுந்தெடுக்கும் வாசகி, மஸ்கெலியா

பதில்: அதென்ன தங்கச்சி, ஊர்ல உள்ள வைத்தியம் எல்லாம் வெறும் வயித்தத் தேடியே வருது? வாட்ஸ்அப்ப தொறந்தா வெறும் வயித்துல தேசிக்காய் தண்ணி, வெள்ளப்பூடு, வெந்தயம், தேன், கத்தாழை... இவ்வளவும் எறக்குனா காலைல பேர் பதியுற பெரட்டுக்குப் போறதுக்குள்ள வயிறு ரொம்பிரும், ரொட்டி சுடத் தேவையில்ல, மா செலவு மிச்சம், சம்பளம் பத்தலன்னு யாரும் வாய் தொறக்கமாட்டாங்க, தோட்டத்துக் கம்பெனிகளுக்கு இந்த யோசனை இன்னும் எட்டல போல. எங்க பத்திரிகைலயே கை வைத்தியம் எழுதுற ஒரு பெரியவர் இருக்காரு, எரிச்சலுக்கும் தேசிக்காய்னு போன மாசம் எழுதுனாரு, புளிப்பு மேல புளிப்பு ஊத்துனா எப்புடிய்யா அடங்கும்னு கேட்டேன், இன்னைக்கு வரைக்கும் என்கூட பேச்சில்ல.

இஞ்சி ஒரு துண்டு போட்டா தப்பில்ல. வில்லங்கம் தேத்தண்ணிச் சாயத்துல. 1883லேருந்து நம்ம மலைக் கொழுந்து கொழும்புல ஏலம் போகுது, நல்லதெல்லாம் கப்பல் ஏறிருது, நமக்கு மிஞ்சுறது டஸ்ட்டுத் தூள், அதையும் கறுப்பா கொதிக்கவச்சு குடிச்சா சிலருக்கு எரிச்சல் கூடத்தான் செய்யும்.

இரைப்பைக்கு மேல ஒரு வால்வு இருக்கு, தேஞ்ச கொண்டி மாதிரி அது தளந்துட்டா அமிலம் மேல ஏறிரும். நீங்க இடுப்புல சுத்துற படங்குச் சீலைய இறுக்கிக் கட்டிட்டு நாள் முழுக்க குனிஞ்சு நிமிந்தா வயித்த அமுக்கி மேல தள்ளத்தான் செய்யும், ரொட்டி தின்ன கையோட குனியாம கொஞ்சம் தளத்திக் கட்டுங்க, கங்காணி கத்துனா கத்தட்டும். ராத்திரி ஒம்பதரைக்கு நாடகம் முடிஞ்சு, மொளகா இடிச்ச கட்டசம்பலோட ஒரு தட்டு சோறு, அப்புடியே படுக்கை. இதுக்கு எந்தக் கசாயமும் ஏலாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் வேணும். கட்டில் இருந்தா தலமாட்டுக் கால் ரெண்டுக்கும் கட்டை குடுத்து ஆறு எட்டு அங்குலம் ஒசத்துங்க, தலகாணிய அடுக்காதீங்க, கழுத்துதான் வலிக்கும், வயிறும் மடங்கும். பாய்ல படுக்குறவங்க இடதுபக்கமா சரிஞ்சு படுங்க. வீட்டுக்காரருக்கும் இதே வியாதின்னா சாராயமும் பீடியும் போகணும், அத அவருகிட்ட நான் சொல்ல ஏலாது.

வெறும் வயித்துல போடவேண்டியது ஒண்ணு உண்மையிலேயே இருக்கு, அமிலத்தக் கொறைக்க டாக்டர் குடுக்குற ஒமெப்ரசோல் மாத்திரை. சாப்பிட அரைமணி நேரத்துக்கு முன்னாடி போட்டாத்தான் அது ஒழுங்கா வேல செய்யும். நம்மாளுங்க அத மட்டும் மூக்குமுட்டத் தின்னுட்டுப் போடுறாங்க! ஆப்பசோடாவ தண்ணில கரைச்சுக் குடிக்கிறதயும் விட்டுருங்க, ப்ரஷர் உள்ளவங்களுக்கு அந்த உப்பு ஆகாது.

முழுங்க கஷ்டம், காரணமில்லாம எடை கொறையுறது, கறுப்பா மலம் போறது, ரத்த வாந்தி, இதுல எது வந்தாலும் இஞ்சியத் தேடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. நெஞ்ச அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவி வேர்த்துச்சுன்னா அது மாரடைப்பா இருக்கலாம், அரை நிமிஷம் கூட நிக்காதீங்க. ஒங்க தோட்டத்து ஒடஞ்ச ரோட்டுல த்ரீவீலர் எப்புடி வரும்னு கேப்பீங்க. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஆள் வந்து அந்த ரோட்ட அளந்துட்டுத்தானே போறாங்க, இந்நேரம் டேப்பே தேஞ்சிருக்கும்.