பழைய தீக்காயத் தழும்பை ஆய்வகத்தில் வளர்த்த தோல் போக்குமா?

பத்து வருடத் தழும்பை எடுத்துவிட்டு ஆய்வகத்தில் வளர்த்த தோலை ஒட்டினால் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. வழக்கமாக வளர்த்துத் தருவது மேல்தோல் மட்டும். தழும்போ உள்தோலில் உட்கார்ந்திருக்கிறது.

தபால்தலை அளவு தோலிலிருந்து செல்களைப் பிரித்து, இரண்டு மூன்று வாரம் வளர்த்தால் பெரிய பரப்புக்குத் தோல் கிடைக்கும். ஆனால் தாள் போன்ற அந்தத் தோலில் 2 முதல் 8 செல் அடுக்குதான். வெங்காயத்தின் உள்சவ்வு மாதிரி, துணியில் பதித்துத்தான் தூக்கவே முடியும். உள்தோலோடு பிணைக்கும் இழைகள் உருவாக மாதக்கணக்காகும். அதுவரை சட்டை உரசினாலே கொப்புளிக்கும். எபிசெல் போன்ற, சொந்தச் செல்லில் வளர்த்த இத்தகைய தோல் தாள்கள் உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் ஆழமாக வெந்து, எடுத்து ஒட்டச் சொந்தத் தோல் போதாதவர்களின் உயிரைக் காக்க வந்தவை. இன்னொருவர் செல்லில் வளர்த்த தோல் நிரந்தரமாகத் தங்காது.

தழும்பு சுருங்கிக் கழுத்தோ விரலோ இழுத்துக்கொண்டிருந்தால், வேண்டியது உள்தோல். தழும்பை வெட்டி, இழுப்பை முழுதாக விடுவித்து, இன்டெக்ரா மாதிரி ஒரு சட்டகத்தைப் பதிப்பார்கள்: மாட்டுக் கொலாஜன், சுறாக் குருத்தெலும்புச் சத்து, மேலே சிலிக்கோன் படலம். ஏறக்குறைய 3 வாரத்தில் ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்ததும் படலத்தை உரித்து, 0.2 மில்லிமீட்டருக்குள் சீவிய சொந்தத் தோலை ஒட்டுவார்கள். கெடுவது பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான்: அடியில் ரத்தம் தேங்கினால் குழாய்கள் ஏறாது, கிருமி பிடித்தால் சட்டகத்தையே எடுக்க வேண்டிவரும். பிடித்த பிறகும் மாதக்கணக்கில் ஸ்பிளின்ட் (மூட்டை மடங்கவிடாமல் பிடிக்கும் கட்டு), அழுத்த உடை, பிசியோதெரபி உண்டு. சோம்பினால் இழுப்பு திரும்பும். அங்கே வியர்வையும் முடியும் வராது.

வெளுத்த நிறம் மட்டும்தான் குறை என்றால் செல் கரைசல் பொருத்தம். ரீசெல் முறையில் 1 சதுர செ.மீ. தோலை நொதியில் சுமார் 15, 20 நிமிடம் ஊறவைத்து, சுரண்டி, வடிகட்டி, 80 சதுர செ.மீ. வரை தெளிக்கலாம். நிறமிச் செல்களும் கூடவே போகும். முதலில் தழும்பின் மேற்பரப்பை நுண்ணிய ரத்தப் புள்ளிகள் தெரியும்வரை சீவ வேண்டும்; குறைவாகச் சீவினால் செல்கள் பிடிக்காது, ஆழமாகச் சீவினால் புதுத் தழும்பு. தடிப்பு இதில் குறையாது.

தடிப்பும் அரிப்பும் விறைப்பும் மட்டுமா? ஒட்டுப் பேச்சையே எடுக்காமல், தழும்பில் நுண்ணிய துளைகள் போடும் ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் சில அமர்வுகள், வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, முதலில் பார்த்துவிடுங்கள்.