மின்சார மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டினேன், நிறுவனம் மூடிவிட்டது

கேள்வி: ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார் கடையில், புதிய மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு 2024 ஆகஸ்டில் ஓவர்டைம் செய்து சேர்த்த 4,500 ரிங்கிட்டை முன்பணமாகக் கட்டினேன். டிசம்பரில் வண்டி வரும் என்றார்கள், வரவில்லை. தயாரித்த நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகம் பூட்டிக்கிடக்கிறது. "கம்பெனியே போய்விட்டது, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார் கடைக்காரர். காட்சிக்கு வைத்த வண்டி ஒன்று கடையில் இன்னும் நிற்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் மச்சான். என் பணம் கிடைக்குமா? - வாசகர், பினாங்கு

பதில்: நீங்கள் அனுப்பிய ரசீதுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வண்டி நிறுவனத்தின் சின்னம். கீழே முத்திரையில் இருப்பதோ கடையின் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவன) பெயரும் அதன் 12 இலக்கப் பதிவு எண்ணும். பணம் போனதும் கடையின் வங்கிக் கணக்குக்குத்தான். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பணத்தை வாங்கி, தன் பெயரில் ரசீதும் கொடுத்த கடை இன்றும் திறந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

"நாங்கள் வெறும் ஏஜெண்டு" என்று கடை வாதாடும். அந்த வாதத்தை லேசாக எண்ணாதீர்கள். யாருக்காகப் பணம் வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்ட ஏஜெண்டு, 1950 ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாகத் தப்பித்துக்கொள்வார். ஆகவே ரசீதிலும் புக்கிங் பாரத்திலும் 'பாகி பிஹாக்' (இன்னாரின் சார்பில்) என்று எங்காவது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இல்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். தயங்காதீர்கள், சாதாரண மக்களுக்காகவே அமைத்த மன்றம் அது. மனு எழுதத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அதே கடையில் பணம் கட்டிய மற்றவர்களையும் தேடிப் பிடியுங்கள். அமெரிக்காவில் 2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் நிறுவனம் திவால் மனு செய்தபோது, கார் வாங்கியவர்கள் சங்கமாகச் சேர்ந்துதான் தங்கள் நலனுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

வண்டி நிறுவனத்தையும் மனுவில் சேர்க்கலாமா? முதலில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் அதன் நிலையைப் பாருங்கள், திவால் விவகாரங்களைக் கவனிக்கும் நொடிப்புத் துறையிலும் தேடல் செய்யுங்கள். ஷட்டர் இறங்கியதாலேயே நிறுவனம் சட்டப்படி கலைந்துவிடாது. நீதிமன்றம் கலைப்பு ஆணை பிறப்பித்திருந்தால், 2016 நிறுவனச் சட்டத்தின் 471ஆம் பிரிவுப்படி நீதிமன்ற அனுமதியில்லாமல் அதன் மீது எந்த வழக்கும் தொடர முடியாது. அப்போது, நிறுவனத்தின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லிக்விடேட்டரிடம் கடன் சான்று தாக்கல் செய்ய வேண்டியதுதான். அந்த வரிசையில் கலைப்புச் செலவு, தொழிலாளர் சம்பளம் எல்லாம் முன்னால் நிற்கும். முன்பணம் கட்டியவர் கடைசியில்தான். ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்துக்கு இந்த இடம் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது, ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான். வண்டி கொடுக்க முடியாது என்று தெரிந்தே இயக்குநர்கள் பணம் வசூலித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் விஷயம் வேறு. அப்போது அதே சட்டத்தின் 540ஆம் பிரிவில் அவர்களையே பொறுப்பாக்கக் கோரலாம், போலீஸ் புகாரும் செய்யலாம்.

மச்சான் சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த வண்டி கடைக்குச் சொந்தமோ நிறுவனத்துக்குச் சொந்தமோ, உங்களுடையது இல்லை. தள்ளிக்கொண்டு வந்தால் திருட்டுப் புகாரில் மாட்டிக்கொள்வீர்கள்.

நடுவர் மன்றத்துக்கு மூன்றாண்டுக் கெடு உண்டு. டிசம்பர் 2024இல் வண்டி வராததிலிருந்து எண்ணினால் 2027 டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. ஆனால் அதுவரை அந்தக் கடை திறந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. இந்த வாரமே மனுவைப் போடுங்கள்.