அஞ்சல் வழியில் வேளாண் பட்டமா? பணம் கட்டும் முன்...

கேள்வி: எனக்கு 54 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் கரும்பும் போடுகிறேன். பிளஸ் டூ முடித்தவன். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. வேளாண்மை படிக்கலாம் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகளின்படி வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களைத் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. அந்த மையம் என்ன தாளைக் கொடுத்தாலும் அது செல்லாது.

செய்முறை இல்லாமல் வேளாண் பட்டதாரிகள் உருவாகக் கூடாது என்றால் சரிதான். ஆனால் முப்பது வருடமாகச் சேற்றில் நிற்பவருக்கும் அதே கதவை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமே விவசாயிகளுக்கென்று பி.எஃப்.டெக். என்ற மூன்றாண்டுப் பட்டத்தைத் தமிழில் நடத்தியிருக்கிறது. வயலே ஆய்வுக்கூடமாக இருப்பவருக்கு அப்படியொரு படிப்புதான் பொருந்தும். உங்களைப் போன்றவர்கள் கேட்கக் கேட்கத்தான் பல்கலைக்கழகங்கள் அசையும்.

இப்போதைக்கு, பட்டம் எதற்கென்று யோசியுங்கள். உரக்கடை வைக்கவா? அதற்கு ‘தேசி’ என்கிற ஓராண்டுப் பட்டயம் இருக்கிறது. ஐதராபாத்தின் ‘மேனேஜ்’ நிறுவனம் இடுபொருள் விற்பனையாளர்களுக்காக உருவாக்கியது. வாரம் ஒருநாள் வகுப்பு என்பதால் பண்ணை வேலை கெடாது. பூச்சிமருந்து உரிமத்துக்கு விதி வேறு. இரண்டையும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கடைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

விஷயம் தெரிந்துகொள்ளத்தான் என்றால், கோவைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககத்தில் ஆறுமாதச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. காளான், தேனீ வளர்ப்பு, அங்கக வேளாண்மை என்று பல, பாடம் தமிழிலேயே. சான்றிதழ்தான், பட்டமல்ல; அதனால் மேலே சொன்ன தடை இதற்கு வராது. நடப்புச் சேர்க்கை, கட்டணத்தை அவர்களிடமே கேளுங்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மஞ்சளில் கிழங்கு அழுகல் கண்டால் எந்த மருந்தை ஊற்றுவதென்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தேங்கும் பாத்தியில் மட்டும் அது ஏன் வருடா வருடம் வருகிறது, மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் எண் என்ன சொல்கிறது என்பதெல்லாம்தான் படிப்பு தரும் பகுதி. அதற்கு எந்தச் சேர்க்கைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அழுகிய கிழங்கு நாலு, அந்தப் பாத்தி மண் ஒரு பை. இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.