படுத்த பிள்ளை எழுந்து வந்தால்: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற வேலூர் சிஸ்டர், ஒன்றரை முதல் நான்கு வயதுப் பிள்ளைகளின் இரவுத் தூக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். கேட்பவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.

சத்துவாச்சாரி: சிஸ்டர், மகளுக்கு இரண்டே கால் வயது. எட்டரைக்குப் படுக்க வைக்கிறேன். தண்ணீர் என்று எழுந்து வருகிறாள், மூத்திரம் என்கிறாள், மறுபடி தண்ணீர். கண் மூடப் பதினொன்று ஆகிறது.

பதில்: இரவை விடுங்கள். காலையில் எப்போது எழுகிறாள்? மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறாள்?

சத்துவாச்சாரி: ஒன்பது மணிக்கு எழுவாள். மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை.

பதில்: பதினொன்றிலிருந்து ஒன்பது வரை 10 மணி நேரம், மதியம் இரண்டரை. ஆக 12.5 மணி நேரம். 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் போதும். 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13. உங்கள் மகள் தன் பங்கைத் தூங்கி முடித்துவிடுகிறாள். எட்டரைக்கு வராத தூக்கத்தை எங்கிருந்து கொண்டுவருவாள்?

காலையில் எழுப்புவதை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே தள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தூங்க வையுங்கள். மூன்று மணிக்கு மேல் தூங்க விடாதீர்கள். இந்த மாற்றம் பழகும்வரை இரவு பத்தரைக்குத்தான் பாயை விரியுங்கள். தூக்கம் முன்னே வர வரப் படுக்கும் நேரத்தையும் முன்னே கொண்டுவாருங்கள். தண்ணீர், மூத்திரம், ஒரு கதை, எல்லாம் பாயில் படுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் எழுந்து வந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள். "தூங்குகிற நேரம், படுத்துக்கொள்." இவ்வளவுதான் பேச்சு. திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். ஒன்பது முறை திருப்பி அனுப்பிவிட்டுப் பத்தாவது முறை மடியில் தூக்கி வைத்துக்கொண்டால், பத்து முறை வந்தால் மடி கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்தியதாகும். முதல் சில இரவுகள் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். அங்கேதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆம்பூர்: கணவர் ஷூ கம்பெனியிலிருந்து வர ஒன்பதரை ஆகிறது. பைக் சத்தம் கேட்டதும் மகன் எழுந்து ஓடுகிறான்.

பதில்: அப்பாவைப் பார்க்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். அவர் வந்த பிறகே படுக்க வையுங்கள், அதற்கேற்பக் காலையில் சற்றுத் தாமதமாக எழட்டும். தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டை மட்டும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாலாஜா: சளி மருந்து கொடுத்த அன்று நன்றாகத் தூங்கினான். தினமும் அரை மூடி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அது தூக்கமல்ல, மயக்கம். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023-இல் எச்சரித்தது. கசகசா அரைத்துப் பாலில் கலக்கும் பாட்டிமார்களுக்கும் இதே பதில்தான்.

குடியாத்தம்: இரண்டரை வயதுப் பேரன் தூளியில் ஆட்டினால்தான் தூங்குகிறான். பாயில் மாற்றினால் விழித்துக்கொள்கிறான் என்று மருமகள் குறைப்படுகிறாள். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகளும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். இதில் என்ன தவறு, அம்மா?

பதில்: கைக்குழந்தைக்குத் தவறில்லை ஐயா. ஆனால் ஆட்டத்தில் கண் மூடிய பிள்ளை, நடு இரவில் அரைத்தூக்கத்தில் புரளும்போது அதே ஆட்டத்தைத் தேடும். எல்லோருமே இரவில் சில முறை அப்படிப் புரண்டு விழிக்கிறோம். நாமாகத் திரும்பத் தூங்கிவிடுகிறோம். அவனுக்கு அது பழக்கமில்லை.

குடியாத்தம்: எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிப் பழகியது?

பேரணாம்பட்டு: பெரியவர் சொல்வது சரி. தாய் சேலையின் வாசனை பாயில் வருமா?

ஆரணி: ஆட்டிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தது யார் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்!

பதில்: ஆரணி கேட்ட கேள்விக்கு ஐயா பதில் சொல்லட்டும். வாசனைதான் வேண்டுமென்றால் அதே சேலையை மடித்துப் பாயில் விரியுங்கள். என் கவலை வேறு. இரண்டரை வயதுப் பிள்ளை தூளிக்குள் எழுந்து நிற்பான், தலைகீழாகத் தொங்குவான். சுற்றிக்கொண்ட சேலை கழுத்தை இறுக்கிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஆள் பக்கத்தில் இல்லாத தூளி வேண்டவே வேண்டாம். ஆட்டுவதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைத்து, தூக்கம் சொக்கும்போதே பாய்க்கு மாற்றி, முதுகில் தட்டிக்கொடுங்கள்.

குடியாத்தம்: தட்டிக்கொடுப்பதும் பழக்கமாகிவிடாதா?

பதில்: ஆகும். ஆனால் அதில் கழுத்து மாட்டாது.

சோளிங்கர்: எத்தனை மணிக்குத் தூங்க வைக்க வேண்டும்?

பதில்: சத்துவாச்சாரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர், சைதாப்பேட்டை: கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள அறை இரவு பத்து மணிக்கும் அனலாக இருக்கிறது. பிள்ளை புரண்டுகொண்டே இருக்கிறான்.

பதில்: இது பிடிவாதம் இல்லை, வெக்கை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில்தான் அதை உள்ளே இறக்கும். மாலையில் மாடித் தளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். படுக்கும் முன் உடம்புக்கு ஊற்றி, மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். கட்டிலைவிடத் தரையில் விரித்த கோரைப்பாய் மேல். மாடியில் படுப்பதானால் கைப்பிடிச் சுவர் இருக்க வேண்டும், பிள்ளை நடுவில் படுக்க வேண்டும்.

அரக்கோணம்: வாய் திறந்தபடி குறட்டை விடுகிறாள், அடிக்கடி திடுக்கிட்டு எழுகிறாள்.

பதில்: மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காலை உதைத்துக்கொண்டே தூங்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கேளுங்கள்: இரும்புச்சத்துக் குறைவும் அப்படிச் செய்யும். மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

திருப்பத்தூர்: பூச்சாண்டி என்றால் படுத்துவிடுகிறான்.

பதில்: படுப்பான், தூங்க மாட்டான்.

ஆற்காடு: செல்போன் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறான், நல்லதுதானே? இல்லையென்றால் லேசாகச் சளி மருந்து...

பதில்: வாலாஜாவுக்குச் சொன்னேன். 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரமும் படுக்கையில் வேண்டாம் என்பது நான் சேர்ப்பது.

ராணிப்பேட்டை: மூன்றரை வயது. நன்றாகப் பேசுவான். நீங்கள் சொன்னபடி திருப்பி அனுப்பினால் வாதாடுகிறான்.

பதில்: வாதாடுகிறவனுக்கு வேறு வழி உண்டு. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை இரவில் கையில் கொடுங்கள். அதைக் கொடுத்து ஒரே ஒரு முறை எழுந்து வரலாம்: ஒரு வாய் தண்ணீரோ, ஒரு முத்தமோ. டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு விடியும்வரை பஸ் கிடையாது. பயன்படுத்தாமல் காலையில் திருப்பித் தந்தால் அவனுக்குப் பிடித்த சின்னதாக ஏதாவது கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இது புரியாது. டிக்கெட்டை வாயில் போட்டுக்கொள்ளும்.