லெந்து நாள் கேள்விகள்: கறியை விட்டால் போதுமா?

அண்ணே, ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து உபவாசத்தில் நாற்பது நாளும் கறி, மீன் தொடுவதில்லை. வேறென்ன செய்யலாம்?

நல்லது தம்பி, விடாமல் செய்யுங்கள். ஆனால் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது? வேதத்தில் ஏசாயா 58-ல் ஆண்டவர் கேட்கும் உபவாசம் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்காசைத் தனி டப்பாவில் போட்டு, ஈஸ்டருக்கு முன்பே கஷ்டப்படும் ஒரு வீட்டுக்கு அரிசி பருப்பாகக் கொடுத்துவிடுங்கள். திருநெல்வேலிப் பக்கம் பாட்டிமார் உலையில் அரிசி போடும்போதே காணிக்கைக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைப்பார்களே, அதே பழக்கம்தான்.

திருப்பூரில் சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன். பையன்கள் நின்றுவிடக்கூடாது என்று ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை, காணிக்கையாகத் தவறாமல் கொடுக்கிறேன். இது தப்பா?

தப்புதான். முதலில் அந்தச் சம்பளத்தைக் கொடுங்கள், அப்புறம் தசமபாகம். பொழுது சாயுமுன் கூலியைக் கொடு என்கிற உபாகமம் 24, உன் ஊரில் இருக்கும் அந்நியனுக்கும் அப்படியே கொடு என்கிறது, அதாவது உங்களிடம் தைக்கிற ஒடிசா, பீகார் பையன்களுக்கும். பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. இந்தச் சனிக்கிழமையே பாக்கியைக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்.

ஐயா, அண்ணனோடு வரப்புத் தகராறு, கேஸ் நடக்கிறது. சபையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை எடுக்கலாமா?

கேஸ் நடக்கட்டும், அது சர்வேயர் அளந்து முடிகிற விஷயம். பேச்சை ஏன் நிறுத்தினீர்கள்? மத்தேயு 5:24 ஒப்புரவான பிறகு காணிக்கையோடு வரச் சொல்கிறது, அதனால் சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டாலும், உங்களால் ஆனமட்டும் என்றுதான் ரோமர் 12:18-ல் இருக்கிறது, தயங்காமல் எடுங்கள்.

அண்ணா, வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். கீழ்ப்படிந்து ஜெபம் பண்ணு என்கிறார்கள் சபையில்.

தங்கச்சி, மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டே இருப்பது வேறு. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22-ஐ உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள், மனைவியைத் தன் சொந்த சரீரமாக நேசிக்கச் சொல்லும் 28-ஆம் வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா? பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, அவரே ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). சட்டத்தின் துணையைத் தேடுவது அவிசுவாசம் இல்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டிலேயே குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஜெபம் பண்ணுங்கள், கூடவே பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். அடி பலமாக விழும் என்று தோன்றினால், பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து கூப்பிடுங்கள்.