அட்லாண்டாவில் சோல் ஃபுட்: எங்கே போவது, என்ன கேட்பது?

கேள்வி: அட்லாண்டாவில் ஒரே ஒரு மதியம்தான் இருப்போம். நல்ல சோல் ஃபுட் (அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பின மக்களின் பாரம்பரியச் சமையல்) எங்கே கிடைக்கும்? என் மனைவி சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அவருக்கு ஏதாவது தேறுமா?

பதில்: ஒரே வேளை என்றால் பிஸி பீ கஃபேக்குப் போங்கள். 1947-இல் லூசி ஜாக்சன் தொடங்கிய சிறிய கடை, மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் சாலையில் இருக்கிறது. பொரித்த கோழிக்குப் பேர்போன இடம். நெஞ்சுக்கறி கேட்காதீர்கள், சீக்கிரம் வறண்டுவிடும். தொடையும் காலும் கலந்து வாங்குங்கள். ஞாயிறன்று தேவாலயம் முடிந்ததும் கூட்டம் அலைமோதும். வார நாளில், கடை திறந்த கையோடு போவது உத்தமம். கிளம்பும் முன் வேலை நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டுமென்றால் பாஸ்கல்ஸ். ஜேம்ஸ், ராபர்ட் பாஸ்கல் சகோதரர்கள் இதையும் 1947-இல்தான் தொடங்கினார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டக் காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் கூடித் திட்டமிட்டது பழைய கட்டடத்தில். இப்போது இருப்பது வேறு இடம், கொஞ்சம் ஆடம்பரமானது.

இனி உங்கள் மனைவி விஷயம். இந்தச் சமையலில் காய்கறி வேறு, சைவம் வேறு. காலர்ட் கீரை முட்டைக்கோஸ் இனம், தடித்த இலை. புகையிட்ட பன்றிக்காலோ வான்கோழிக் கழுத்தோ போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நம்மூர்த் தட்டைப்பயறேதான் அங்கே 'பிளாக் ஐட் பீஸ்'. அதிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. பரிமாறும்போது துண்டை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் "இது சைவமா?" என்று மட்டும் கேட்டால், துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் "ஆமாம்" என்று பதில் வரலாம். பன்றியோ வான்கோழியோ போட்டு வேகவைத்ததா, கோழிச்சாறு ஊற்றியதா என்று ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மக்காச்சோள ரொட்டியில் முட்டை உண்டு, வாணலியில் பன்றிக்கொழுப்பு தடவியிருக்கவும் கூடும். அடுப்பில் சுட்ட மேக் அண்ட் சீஸிலும் (பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி) பல இடங்களில் முட்டை சேர்ப்பார்கள். பொரித்த வெண்டைக்காய் என்றால், மாவில் முட்டை இருக்கிறதா, கோழி பொரித்த அதே எண்ணெயா என்று விசாரியுங்கள். ஓரளவு நம்பக்கூடியது 'கேண்டீட் யாம்ஸ்' என்னும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு: வெண்ணெய், சர்க்கரை, பட்டை, ஜாதிக்காய் சேர்த்தது. மேலே மார்ஷ்மெலோ இருந்தால் வேண்டாம், அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். மொத்தத்தில் அவருக்கு ஒன்றிரண்டு பதார்த்தம்தான் தேறும். பசிக்கு வேறெங்காவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கீரை சாப்பிட்டால் அது வெந்த சாற்றை விடாதீர்கள். 'பாட் லிக்கர்' என்பார்கள். மக்காச்சோள ரொட்டியைப் பிட்டு அதில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். மேசையில் மிளகாய் ஊறிய வினிகர் இருந்தால் கீரைமேல் நாலு சொட்டு விடுங்கள். 'சிட்லின்ஸ்' என்று பட்டியலில் கண்டால் அது பன்றிக்குடல். 'ஸ்வீட் டீ' பாகு மாதிரி இனிக்கும். இனிப்பில்லாத தேநீரோடு பாதிக்குப் பாதி கலந்து தரச் சொல்லலாம். மேசையில் பரிமாறினால் பில்லோடு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கணக்கில் வையுங்கள்.